ஸ்காட்லாந்துக்காரர் விருந்தில் ஒரு சின்னக் கிளாஸ்

மக்களே, என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிடுகிறேன். ஊருக்குச் சொல்கிற கதை இல்லை இது. தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். இங்கிலீஷில் எழுத எனக்கு வராது. பேசச் சொன்னால் ஒரு ஹாலையே சமாளித்துவிடுவேன், எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

நேற்றுக் காலையில், மூத்தவளே, நீ வாணலியை வைத்து ஓட்ஸ் வறுத்துக்கொண்டிருந்தாய். உடம்பைக் குறைக்கப்போகிறேன் என்று கொஞ்ச நாளாக நம் வீட்டில் இந்த ஓட்ஸ் கூத்து நடக்கிறது. அதில் கொஞ்சம் நெய் விட்டு, மிளகைத் தட்டிப் போட்டாய். அந்த வாசம் ஹாலுக்கு வந்ததும் நான் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்துவந்து சமையலறை வாசலில் நின்றேன். "என்னப்பா, உங்களுக்கும் வேணுமா?" என்றாய். நான் உன் தலையில் கையை வைத்தேன். "அப்பா, ஹேர்! இப்பத்தான் சீவினேன்" என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

ஏன் வைத்தேன் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வறுத்த ஓட்ஸ், மிளகு, உன் நெய்க்குப் பதில் ஆட்டுக்கொழுப்பு. இந்த மூன்றும் சேர்ந்த வாசத்துக்கு என் மூக்கில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. ஷார்ஜா தொழில்பேட்டையில், முன்னால் டயர்க் கடையும் பின்னால் வெல்டிங் ஷெட்டுமாக, நடுவில் இருந்த எங்கள் கேட்டரிங் கம்பெனியின் கிச்சன். காலையில் லேபர் கேம்ப்புகளுக்குச் சோறும் பருப்பும் போகும். அதே அண்டாவைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து, சாயங்காலம் துபாய் கிளப்புகளில் நடக்கும் பார்ட்டிகளுக்குச் சமைப்பார்கள். நான் சமையல்காரன் இல்லை. தூக்குகிறவன், பரிமாறுகிறவன், எச்சில் தட்டு எடுக்கிறவன். விசாவில் 'பெயின்டர்' என்று இருந்தது. ஒரு நாளும் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. வளைகுடாவில் அப்படித்தான், வெல்டர் விசாவில் முடிவெட்டுகிறவனை எனக்குத் தெரியும்.

பெயின்டர் விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. உங்கள் அம்மா அப்போது ஓமானில், சோஹாரில் நர்ஸ். நீ அவளோடு இருந்தாய், தம்பி பிறக்கவில்லை. நான் லீவு கிடைத்தால் பார்டர் தாண்டி வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். எங்கள் சூப்பர்வைசர் குரியன் சார், கோட்டயத்துக்காரர், நான் சொல்லவரும் வருஷம் ஜனவரியில்தான் என்னை கேப்டனாக, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவனாக, போட்டு விசாவை மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். மாற்றிவிட்டால் நாம் மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரிக் கடைசியில் துபாயில் இருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கிரீக் என்கிற கடற்கழி ஓரத்தில் ஒரு கிளப்பில் விருந்து வைப்பார்கள். அவர்கள் ஊரில் எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு கவிஞரின் பிறந்தநாள். கவிஞருக்குப் பிறந்தநாள் என்றால் நம் ஊரில் சிலைக்கு மாலை போடுவார்கள், கூட்டம் போட்டுப் பேசுவார்கள். இவர்கள் ஆட்டின் இரைப்பைக்குள் ஈரல், இதயம், நுரையீரல், கொழுப்பு, வெங்காயம், வறுத்த ஓட்ஸ், மிளகு எல்லாவற்றையும் கொத்தி அடைத்து, தைத்து, அவித்து, வெள்ளித்தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அதற்குப் பெயர் ஹாகிஸ். அந்தக் கவிஞர் இந்தச் சாப்பாட்டைப் பார்த்தே ஒரு பாட்டு எழுதியிருக்கிறாராம். அதை அவர்களுடைய சேர்மன் எழுந்து நின்று, அந்தப் பையைப் பார்த்து, கையை வீசி வீசிச் சொல்வார். பாதியில் கத்தியை உருவிப் பையைக் கிழிப்பார். முதல் தடவை பார்த்தபோது மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூட என்ன என்கிறீர்களா? மஞ்சள் முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, அதை வேகவைத்து மசித்து ஒரு குவியல். உருளைக்கிழங்கு மசித்து ஒரு குவியல். முன்னால் கோழியும் லீக் என்ற வெங்காயத்தாள் மாதிரி ஒன்றும் போட்ட சூப். கடைசியில் கிரீமில் மறுபடியும் ஓட்ஸ், ஓட்ஸ் இல்லாமல் அவர்களுக்குப் பொழுது விடியாது. எல்லாம் முடிந்து ஆணும் பெண்ணும் கையைக் குறுக்காகக் கோத்து வட்டமாக நின்று பாடுவார்கள். ஆண்களுக்குக் குட்டையான கட்டம்போட்ட பாவாடை, முழங்கால்வரை சாக்ஸ், சாக்ஸுக்குள் ஒரு சின்னக் கத்தி. அத்தனை பெரிய எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் அந்த ஒருநாள் மட்டும் குழந்தைகளாகிவிடுவார்கள்.

சமைத்தவர் சாதிக் காக்கா. காயல்பட்டினத்துக்காரர், அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் வருஷம் ஸ்காட்லாந்துச் சங்கத்திலிருந்து ஒரு மேடம் வந்து அவருக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார், ஆம்பிளை மாதிரி பெரிய செருப்பு. பையை முட்ட அடைக்காதே, பாதிதான் அடைக்கணும், ஓட்ஸ் வெந்தால் ஊதி வெடித்துவிடும் என்று கையால் வெடித்துக் காட்டினார். காக்கா சிரித்துவிட்டு என்னிடம், "இரைப்பைக்குச் சோறு போடுறவங்கள பாத்திருக்கோம்ல. இரைப்பையவே சோறாக்குறவங்கள இப்பத்தான் பாக்கேன்" என்றார். ஆனால் மனிதர் பிடித்துக்கொண்டார். ஹலால் ஆடு, அல்லாவின் பெயரைச் சொல்லி, பிஸ்மி சொல்லித்தான் கிண்டுவார். ஊசியால் பையைத் தைக்கும்போது யாரும் பக்கத்தில் பேசக்கூடாது.

அன்றைக்கு மேடம் ஒரு ஸ்பூனில் எடுத்து என்னிடம் ருசிபார்க்க நீட்டினார். நான் வாங்காமல், அரைகுறை இங்கிலீஷில், இதில் விஸ்கி ஏதும் கலந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம்தான் வாங்கினேன். அவர் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் குடித்துக் கெட்டவர் யாராவது இருந்திருக்கலாம், நான் கேட்டதில்லை.

நான் குடித்துத் திரிந்த காலத்தை அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அது எப்படி நின்றது என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். சோஹாரில், ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில், ஒரு மத்தியானம். நான் வழக்கம்போல அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யக் கையை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"எனக்க தலையில எத்தன சத்தியம் பண்ணியாச்சு. இனி அது வேண்டாம். பிள்ளைக்க தலையில வையுங்க."

நீ தரையில் பாயில் உறங்கிக்கொண்டிருந்தாய். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு, முடி அப்போதுதான் முள்ளு முள்ளாக முளைத்துக்கொண்டிருந்தது. நான் கையை வைத்தேன். உள்ளங்கையில் குத்தியது.

"சொல்லுங்க."

"இனி குடிக்க மாட்டேன்."

"அப்படி இல்ல. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் அதோட கேடு இவளுக்குத்தான்னு சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போது நீ உறக்கத்தில் தலையைத் திருப்பினாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் இதையெல்லாம் நம்பலாமா என்று தம்பி கேட்பான். பங்குச் சாமியார்கூட ஒருதடவை கேட்டார். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். படித்தவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்தவனுக்குத்தான் அந்தக் கையின் பாரம் தெரியும்.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன்.

ஊர்வலத்தில் முன்னால், அக்குளில் தோல்பையை இடுக்கிப் பைக்குழல் ஊதுகிறவர், பின்னால் ஹாகிஸ் தட்டைத் தூக்குகிறவன். பாட்டு முடிந்து பையைக் கிழித்ததும், சேர்மன் தன் சொந்தப் பாட்டிலிலிருந்து மூன்று சின்னக் கிளாஸில் விஸ்கி ஊற்றுவார். தனக்கு ஒன்று, குழல்காரருக்கு ஒன்று, தட்டுத் தூக்கியவனுக்கு ஒன்று. மூன்று பேரும் ஒரே மடக்கில் குடித்து, கிளாஸைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டவேண்டும். அது அவர்கள் மரியாதை. வேலைக்காரனுக்கும் முதலாளிக்கும் ஒரே பாட்டில், ஒரே அளவு. நினைத்துப்பார்த்தால் நல்ல வழக்கம்தான். ஒரு வருஷம் எங்கள் நேபாளி ஒருவன் வெட்கப்பட்டு உதட்டில் மட்டும் வைத்தான். ஹாலே மேசையைத் தட்டித் தட்டி அவன் குடித்து முடிக்கும்வரை விடவில்லை. பாசத்தில்தான் செய்தார்கள்.

காக்கா சமைத்ததைக் காக்காவே தூக்கிக்கொண்டு போவதுதான் நியாயம். ஆனால் முஸ்லிமை விஸ்கி குடிக்கச் சொல்ல முடியாது. அது அவர்களுக்கும் தெரியும், சங்கத்திலிருந்தே வேறு ஆளைப் போடச் சொல்லிவிடுவார்கள். அதனால் அந்த நேபாளிதான் வருஷா வருஷம் தூக்குவான். அந்த வருஷம் அவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். விருந்தன்று காலையில் குரியன் சார் என்னிடம் வந்தார். கையில் ஒரு கட்டம்போட்ட மேல்துண்டு.

"எடோ, இன்னைக்கு நீதான் தட்டு எடுக்கணும்."

"சார், நான் குடிக்கிறதில்ல."

"நீ கிறிஸ்டியன் அல்லே?"

"ஆமா சார்."

"பின்னே எந்தா பிரச்னை? ஒரு சின்ன கிளாஸ். மருந்துன்னு நினைச்சுக்கோ. பாக்கியெல்லாம் பாகிஸ்தானி, பங்களாதேஷி, முஸ்லிம் ஆளுங்க, நான் யாரைப் போடும்?"

"நீங்க போலாமே சார்."

அவர் மேல்துண்டைத் தன் வயிற்றில் வைத்துக் காட்டினார். பாதிதான் சுற்றியது. "நான் பார் கவுண்டரை விட்டா பாட்டில் எல்லாம் நடந்து போகும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சேர்மன் கையெழுத்து போட்டால்தான் அடுத்த வருஷ காண்ட்ராக்ட். உன்னோட கேப்டன் பேப்பர் எம்.டி மேசையில இருக்கு. இந்த நேரத்துல முகம் சுளிக்காதே" என்று சொல்லிவிட்டுத் துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

காக்கா ஓட்ஸ் வறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவருக்கு என் சத்தியம் தெரியும்.

"இன்னைக்கு ஒருநாள் எங்க பக்கம் வந்துரு. பேர அப்துல்லானு மாத்திக்கலாம்."

"சிலுவைய என்ன செய்ய?"

"கழத்தி என்ட்ட குடு. பத்திரமா வச்சிக்கிருதேன்." சிரித்தார். பிறகு, "பாலில்லாத கட்டன் சாயாவ ஊத்தி வச்சிரலாமால?" என்றார்.

"அவரு பாட்டில்லேருந்து அவரே ஊத்துவாரு காக்கா. எல்லாரும் பாக்க."

அவர் கரண்டியால் ஓட்ஸைக் கிளறினார். "எனக்கு மார்க்கம்னு ஒண்ணு சொல்லிக்கிட வழி இருக்கு. ஒனக்கு ஒரு புள்ள தலதான் இருக்கு. அத இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லுவ?"

எனக்கும் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மத்தியானம், ஹாட்பாக்ஸ்களை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. உங்கள் அம்மா. அவள் டியூட்டி நேரத்தில் கூப்பிடமாட்டாள். தூக்கிய பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். நேத்து பிடிச்சது, இறங்கவே இல்ல. எங்க வார்டுலதான் படுக்க வச்சிருக்கேன். நீங்க பயப்படாதீங்க."

"எவ்வளவு இருக்கு?"

"நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்லா? நீங்க வேலையப் பாருங்க. அப்பான்னு ரெண்டுதடவ சொன்னா, அதான் கூப்பிட்டேன்."

வேன் கிளம்பியது. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகிற அந்த ரோட்டில் எந்த நேரமும் வண்டி நகராது. டிரைவர் பெஷாவர்க்காரர், ஹார்னை அடித்து அடித்து, "யல்லா, யல்லா" என்று முன்னால் நிற்பவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் பெரிய ஹாகிஸ் இருந்த பெட்டியைக் காக்கா மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் "யா அல்லா, பை பத்திரம்" என்பார். எனக்குப் பையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. உள்ளங்கையில் முள்ளு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. குடிக்காவிட்டால் விசா போகும், குடித்தால் நீ போய்விடுவாய் என்று மனம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டவன் மருந்தை நம்பியிருக்கவேண்டும். நம்பத்தான் செய்தேன். ஆனாலும்.

கிளப்பின் சின்னக் கிச்சனில் காக்கா ஹாகிஸை வெள்ளித்தட்டில் இறக்கினார். ஒரு சின்னத் தலையணை மாதிரி பளபளவென்று இருந்தது. தையல் தெரியாமல் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தார். தட்டை என் கையில் கொடுக்கும்முன் அதை ஒருதடவை பார்த்தார், வேறொருவன் கையில் கொடுக்கிறோமே என்று. "ஆட்டாம போ" என்றார். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தார்கள். பைக்குழல் ஆரம்பித்தது. சின்ன ஹாலுக்குள் அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. காதில் இல்லை, நெஞ்செலும்பில் கேட்கும். எல்லோரும் எழுந்து நின்று நிதானமாக, ஒரே சீராகக் கை தட்டினார்கள். எனக்கு அப்படி நடக்க யாரும் பழக்கித் தரவில்லை. நம் ஊர்த் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் வைக்கிற அந்த மெதுவான நடைதான் காலில் தானாக வந்தது. ஒரு அடி, ஒரு நிறுத்தம், லேசாக ஒரு சாய்வு. தட்டுக்கு அடியில் கை சுட்டது. மேசைகளுக்கு நடுவே சுற்றி வந்து, சேர்மன் முன்னால் தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். முன்வரிசை மேசையில் அந்த மேடம் இருந்தார்.

சேர்மன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். பெரிய உருவம், சிவந்த முகம், இடி மாதிரி குரல். ஒரு வார்த்தை புரியவில்லை. முன் வருஷங்களில் தூரத்தில் தட்டுகளோடு நின்று பார்த்தபோது சீக்கிரம் முடித்துத் தொலைய மாட்டாரா என்று நினைத்தவன், அன்று முடியாமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கத்தியைச் சட்டைக் கையில் துடைத்தார். தூக்கினார். குத்தினார். பை பிளந்து ஆவி குப்பென்று கிளம்பியது. மிளகும் கொழுப்பும் ஓட்ஸுமாக, நீ நேற்று வறுத்தாயே, ஏறக்குறைய அதே வாசம். ஹால் முழுக்க ஒரு ஆரவாரம்.

பாட்டில் வந்தது. மூன்று கிளாஸ். தங்க நிறத்தில் ஊற்றினார். ஒன்றை என் கையில் வைத்து, தோளில் தட்டினார். கிளாஸ் சின்னதுதான், கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே நின்றது. ஆனால் வாசம். மக்களே, அந்த வாசத்தைப் பற்றி உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மிளகையும் கொழுப்பையும் ஒதுக்கிக்கொண்டு அது மட்டும் தனியாக என்னிடம் வந்தது. பழைய கூட்டாளி கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. வாயில் எச்சில் ஊறியது.

சேர்மன் குடித்தார், தலைக்குமேல் கவிழ்த்தார். குழல்காரர் குடித்தார், கவிழ்த்தார். எல்லாக் கண்ணும் என்மேல். பின்மேசையில் யாரோ மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். டும். டும். குரியன் சார் பார் கவுண்டரிலிருந்து தலையால் 'ம், குடி' என்று சைகை காட்டினார். கிளாஸ் மேலே வந்தது. நான்தான் தூக்கியிருப்பேன். உதட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அந்த இடத்தில் உள்ளங்கையில் உன் தலைமுடி குத்தியது. உண்மையாகவே குத்தியது, சூடாக.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாக முன்னால் போனது. பிளந்து கிடந்த பையின் நடுவில், ஆவி வந்துகொண்டிருந்த வாய்க்குள், கிளாஸைச் சரித்துவிட்டேன். சரித்த வேகத்தில் கொஞ்சம் கட்டை விரலில் வழிந்தது. சுர்ரென்று ஒரு சத்தம். பிறகு காலிக் கிளாஸைத் தலைக்குமேல் கவிழ்த்துக் காட்டினேன், அதை மட்டும் மறக்கவில்லை.

மேசை தட்டுவது நின்றது. கவிஞர் பிறந்தநாளில் அவர்கள் சாமிப்படையல் விளக்கில் தண்ணீர் ஊற்றி அணைத்தவன் மாதிரி நின்றேன். விசாதான் போயிற்று, நீ போகவில்லை என்று நினைத்தேன். அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

கிழவர் ஒருவர், கைத்தடியோடு உட்கார்ந்திருந்தவர், தடியைத் தரையில் ஓங்கிக் குத்தி என்னமோ கத்தினார். பிறகு கை தட்டினார். பக்கத்து மேசை தட்டியது. ஹாலே தட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரியன் சார் பின்னால் சொல்லித்தான் தெரியும்: "எங்கப்பா இப்படித்தான் மேலே ஊத்துவார், இந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கே" என்றாராம் கிழவர். ஹாகிஸ்மேல் விஸ்கி ஊற்றிச் சாப்பிடுவது அவர்களில் சிலருக்குப் பழக்கமாம். சும்மா பயத்தில் கொட்டினேன், அவர்கள் என்னை விவரம் தெரிந்தவன் ஆக்கிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சேர்மன் முகமெல்லாம் சிரிப்பாக, பாட்டிலைத் திருப்பி என் கிளாஸை மறுபடியும் நிரப்பினார். இந்தத் தடவை விளிம்புவரை. இது ஹாகிஸுக்கு இல்லை, உனக்கு என்று விரலால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஒரே தந்திரத்தை இரண்டுதடவை செய்ய முடியாது. கிளாஸ் தளும்பியது. அப்போது மேடம் எழுந்து வந்தார். என் முகத்தை ஒருதடவை பார்த்தார், அன்றைக்கு ஸ்பூனை நீட்டிக்கொண்டு பார்த்த அதே பார்வை. சேர்மனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே என் விரல்களிலிருந்து கிளாஸை எடுத்தார். சமையல் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு கிளாஸ் கிடையாதா என்ற மாதிரி. ஒரே மடக்கு. நரைத்த தலைக்குமேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். நான் நன்றி சொல்லவில்லை, அப்புறம் ஒருநாளும் சொல்ல வாய்க்கவில்லை.

கிச்சனில் காக்கா கதவு இடுக்கு வழியாக எல்லாம் பார்த்திருந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாவிப்பயலே! பிஸ்மி சொல்லி ஆக்குன சோத்துல சாராயத்த ஊத்திட்டியேல!"

"காக்கா, வேற வழி தெரியல..."

"பூந்தொட்டி இல்லியா? தரை இல்லியா? ஒன் சட்டப்பை இல்லியா? எஞ் சாப்பாடுதான் கெடச்சுதா?"

அவர் முழுநாள் தைத்துக் கட்டிய அந்தப் பெரிய பையில், கடைசியில் ஒரு வாய் தானும் ருசிபார்ப்பார். வருஷா வருஷம் அதுதான் அவர் கூலி. இனி அதை அவர் தொடமுடியாது. தட்டில் பங்கு போட கிளப்பின் பையன் ஒருவனைக் கூப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, சுவரைப் பார்த்து நின்றார். நான் பரிமாறப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அவர் முதுகுதான் தெரிந்தது.

கடைசித் தட்டு போனபின் அவரே கேட்டார், சுவரைப் பார்த்தபடியே: "புள்ளைக்கு எப்படி இருக்காம்?"

"தெரியல காக்கா. போன் எடுக்கல."

ஸ்டீமரைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். மேசைகளுக்கென்று செய்த சின்ன ஹாகிஸ்களில் ஒன்று, ஒதுக்கி வைத்திருக்கிறார். "இது சுத்தமானது. ரூமுக்குப் போயி குபூஸ் ரொட்டில வச்சுத் திம்போம். நீ ஒண்ணும் மூஞ்சியத் தொங்கப்போடாத, ஒன்னயப் பாத்தா எனக்குக் கோவம் வரமாட்டேங்குது." பிறகு, "அந்த வெள்ளக்காரிக்கு அல்லா நல்ல ஆயுச குடுக்கட்டும்" என்றார்.

உன் காய்ச்சல் மறுநாள் இறங்கியது. அம்மா மருந்தின் பெயரைச் சொல்வாள். விசா கொஞ்சம் தாமதமாக, ஆனாலும் மாறியது. அதற்குப்பின் ஒவ்வொரு ஜனவரியும் சங்கத்திலிருந்து 'மேலே ஊற்றுகிற ஆளை' அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். நானும் போய் ஊற்றிவிட்டு வருவேன். காக்கா எனக்காகத் தனியாக ஒரு 'ஊற்றுகிற பை' தைக்கத் தொடங்கினார், அதற்கு மட்டும் பிஸ்மி சொல்வதில்லை.

இப்போது அந்தக் கிளப் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடிக் கோபுரம். மேடம் ஊருக்குப் போய்விட்டார், பெயர்கூட நான் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. ஷார்ஜா கிச்சனை உடைத்து ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுன் ஆக்கிவிட்டார்கள். கடைசியாகப் போனபோது ரப்பர் வாசம்தான் வந்தது. காக்கா காயலுக்குத் திரும்பிப் பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்துகொண்டிருந்தார். ஒரு பெருநாளுக்குப் போன் வரவில்லை. நான் அடித்தேன், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. முள்ளு முள்ளாக இருந்த அந்தத் தலை எங்கே? இப்போது அதில் கை வைத்தால் சீவினது கலைந்துவிடும் என்கிறாய். கலையட்டும், மறுபடி சீவிக்கொள்.

அன்றைக்கு நடந்ததில் அம்மாவிடமும் சொல்லாதது ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றேன். என் கட்டை விரலில் அந்த விஸ்கி காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. அத்தனை தட்டுத் தூக்கியும், அத்தனை மேசை துடைத்தும் போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். ரொம்பநேரம் அப்படியே வைத்திருந்தேன். உதடு திறந்திருந்தது, அதுவும் எனக்குத் தெரிந்தது. பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, பாத்திரச் சோப்பைப் போட்டு, வெட்டி மிஞ்சிக் கிடந்த எலுமிச்சை மூடியால் அந்த ஒரு விரலை மட்டும் தோல் எரியும்வரை தேய்த்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை. இன்னொரு தடவை கழுவினேன்.